சௌந்தரபாண்டியனார் வீட்டில் பேய் இல்லை

திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் மகாஜனங்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவதாவது: தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கும் சௌந்தரபாண்டியனாரின் இராஜபாளையத்து வீட்டில் பேய், பிசாசு, முனி முதலியவை அறவே கிடையா.

இதைத் தமுக்கடித்துச் சொல்ல ஆள் வைத்தவர் சௌந்தரபாண்டியனாரேதான். அதுவரை ஒரு தெருவுக்கு மட்டும் தெரிந்திருந்த பேய் அன்றைக்கு இரண்டு ஊருக்கும் தெரிந்துபோயிற்று. வாடகைக்கு ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. பூட்டிய வீட்டைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. இனியும் ஆள் வராவிட்டால் வீடு மண்மேடுதான்.

அந்த நேரத்தில் மிளகாய் வியாபாரி பிச்சை முகம்மது ராவுத்தர் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். சௌந்தரபாண்டியனார் வாசல் பெருக்கும் வேலுத்தாயைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, ராவுத்தர் முன்னாடி அந்தச் சொல்லு ஒன் வாயில வரப்படாது.”

“எந்தச் சொல்லு? பேயா?”

“அதேதான்!”

ராவுத்தர் குடையிருந்தும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்.

“வாங்கய்யா, இந்தப் பேய்மழையிலயா வாரீய? பேய்க்காத்து வேற அடிக்கி” என்றாள் வேலுத்தாய்.

சௌந்தரபாண்டியனார் முறைத்தார்.

“எதுக்குய்யா பேய்முழி முழிக்கிய?”

ராவுத்தர் கொல்லைப்பக்கம் பார்த்தார். “அது என்ன கொடி?”

“பேய்ப்பீர்க்கு.”

“ஏட்டி, பேயாட்டம் கத்தாத!” என்று சௌந்தரபாண்டியனாரே கத்திவிட்டார். அதற்குப் பதில் சொல்வதுபோலப் பரணிலிருந்து ஏதோ வீறிட்டது.

அவருக்கு வியர்த்துவிட்டது. “ராவுத்தரே, சத்தியமா இங்க பேய் இல்ல.”

ராவுத்தரின் முகம் வாடியது. “இல்லியா? தமுக்கைக் கேட்டுத்தானேய்யா ஓடியாந்தேன்! என் மண்டியில அம்புட்டுக் களவு. காவலுக்கு வச்ச பயலே மூட்டையத் தூக்குதான். பேய் இருக்கிற வீடுன்னா எவன் கிட்ட வருவான்? இல்லேன்னா எனக்கு எதுக்கு இந்த வீடு? வாரேன்யா.”

குடையை விரித்தார். கச்சேரியில் பேய் நம்பிக்கையைக் கண்டித்தே காலந்தள்ளிய சௌந்தரபாண்டியனார் ஓடிப்போய் வழியை மறித்தார்.

“செத்த இருங்க. இருக்கு. எங்க பாட்டனார் காலத்துப் பேய். இப்பச் சத்தம் கேட்டீயல்ல?”

“விட்டுட்டுப் போயிராதே?”

“அதுக்கு நான் பொறுப்பு.”

சாவி கைமாறியது. மூவருக்கும் வாயெல்லாம் பல்.

மறுநாள் மிளகாய் மூட்டைகள் வந்து இறங்கின. நெடி தாங்காமல் பரணிலிருந்த மரநாய் தன் குட்டிகளோடு ஓடிவிட்டது.