உப்புக் கிடங்கின் பூட்டு

சோற்றுத் தூக்கோடு ஜெபகனி உப்புக் கிடங்கு வாசலுக்கு வந்தபோது, காவலாளிகள் இருவரும் பழைய சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வங்கதேசப் போருக்குப் போய்வந்த பழைய சிப்பாய்கள். அவள் கணவர் அற்புதமணிக்குத் தான் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைபிள்தான் உசத்தி, மற்றவர் நயினாருக்கோ, எதிரியிடம் கைப்பற்றிய கேரண்ட் ரைபிள்.

"அழுக்கேறினாலும் குழல்ல கேஸைக் கூட்டுற திருகைக் கொஞ்சம் திருப்பினா எஸ்.எல்.ஆர். மறுபடி சுடும்லே. கேரண்டுல அது உண்டுமா?"

"திருகு இருந்தாத்தானே திருகணும்? கேரண்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவினா போதும்லே, அதுபாட்டுக்கு ஓடும்."

அப்போது லாரி வந்து ஹார்ன் அடித்தது. மழையால் ஒரு வாரமாகத் திறக்காத கதவு. அற்புதமணி சாவியைப் போட்டார், பூட்டு அசையவில்லை. நயினார் முக்கினார், சாவி வளைந்ததுதான் மிச்சம். உப்புக்காற்றில் பூட்டு துருவேறி இறுகியிருந்தது.

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கணும்," என்றார் அற்புதமணி.

"எண்ணெய் காஞ்சிரும்லே. கிரீஸ்தான் நிக்கும்," என்றார் நயினார்.

டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஜெபகனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு துப்பாக்கியும் வேண்டாம் அண்ணாச்சி. இந்தப் பூட்டு இருக்க வரைக்கும் எந்த எதிரியும் உள்ள வர முடியாது."