எஞ்சினுக்குள் கிடந்த விரல்துணி

இது என் துணி இல்லை, இது என் துணி இல்லை என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், மூன்றாம் தடவை சொல்லும்போது கொஞ்சம் உண்மை போலவே இருக்கிறது, உள்ளங்கையில் சுருண்டு கிடக்கிற துணியோ எதுவும் சொல்லாமல் டீசல் வாடை அடித்துக்கொண்டிருக்கிறது, ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம், பச்சை, அந்தப் பச்சைக்குள் மிளகு மிளகாக மஞ்சள் பூக்கள், வள்ளம் மெல்ல ஆடுகிறது, இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி நிற்கிற என் கணவர் இன்னாசி இன்னொரு கையை என் பக்கம் நீட்டுகிறார், அத இங்க குடு புள்ள, அவளுக பாக்குறதுக்குள்ள குடு, என்கிறார். கரையில் பத்துப் பெண்கள் நிற்கிறார்கள், அவர்களை விட்டுத் தள்ளி, காயப்போட்ட பாசிக்குப் பக்கத்தில், தனியாகச் சீனியம்மாள் அக்கா நிற்கிறாள், எனக்குப் பின்னால் எஞ்சின் இருக்கிறது, நாற்பது நாளாக நானும் மெக்கானிக் ஜகுபர் அண்ணனும் பிரித்து, கழுவி, அரைத்து, பூட்டிய எஞ்சின், இன்னும் ஒரு மூச்சுகூட விடாமல் என் ஒரு கைக்காகக் காத்திருக்கிறது, அந்தக் கையில்தான் இந்தத் துணி.

இந்தக் கடற்கரையில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் எல்லோரும் விரலில் துணி சுற்றுகிறோம், தண்ணீருக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையோடு பிடித்துப் பிய்க்கும்போது பாறை விரலைத் தின்றுவிடும், அதற்காகப் பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்கிறோம், ஒருத்தி சுற்றின துணியை இன்னொருத்தி சுற்றமாட்டாள், அவள் ரத்தம் காய்ந்த துணி, சுற்றினால் அவள் காயம் நம் கைக்கு வந்துவிடும் என்பார்கள், தாயின் துணியைப் பெற்ற மகள்கூடச் சுற்றியதில்லை, யார் துணி எது என்று எல்லோருக்கும் தெரியும், சாயம் போய் நூலாய்ப் போனாலும் தெரியும். கரைக்குத் திரும்பும்போது துணியை அவிழ்த்து எஞ்சினின் சூடான குழாய்மேல் வரிசையாகப் போடுவோம், வீடு சேர்வதற்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும், எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வாசனை பிடிக்கும், உப்பும் ரத்தமும் டீசலும் கலந்து வேகிற வாசனை, அதை முகர்ந்துகொண்டே சுக்கானைப் பிடித்துக்கொண்டு வருவேன், பதினோரு பெண்களையும் அவர்களுடைய பாசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறவள் நான் என்று எனக்குள் ஒரு நிமிர்வு இருந்தது, இப்போது நினைத்தால் அந்த நிமிர்வுதான் முதலில் வெடித்திருக்க வேண்டும், எஞ்சின் அதற்கப்புறம்தான்.

அன்றைக்குத் தீவிலிருந்து திரும்பும்போது வள்ளத்துக்குள் கணுக்கால் வரை தண்ணீர், எல்லோரும் களைத்திருந்தார்கள், இறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கடலுக்குள் தொங்குகிற ஹோஸை எடுத்து உள்ளே தேங்கின தண்ணீரில் போட்டேன், அப்படிப் போட்டால் எஞ்சின் அந்தத் தண்ணீரைக் குடித்துத் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும், வள்ளத்தையும் இறைத்துவிடும், எல்லா வள்ளத்திலும் செய்கிறதுதான், ஆனால் ஹோஸ் வாயில் ஒரு சல்லடை இருக்க வேண்டும், பாசித் தூசி அடைக்கிறது என்று போன வாரமே நான் அதைக் கழற்றிப் பலகைக்கு அடியில் போட்டிருந்தேன். போட்டுவிட்டு முன்னால் தெரிகிற கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் வெளியே விழுகிற சத்தம் எப்போது நின்றது, தெரியவில்லை, நிறையக் கனவுகளில் அந்தச் சத்தம் நிற்கிறது, நான் திரும்பிப் பார்க்கிறேன், கனவில் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், அன்றைக்குத் திரும்பவில்லை. பெயின்ட் கருகுகிற நாற்றம் வந்தது, அடுத்த நொடி டணாரென்று ஒரு சத்தம், எஞ்சினின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு உள்ளேயிருந்த இரும்புத் தண்டு வெளியே வந்து நின்றது, ஆயில் என் முழங்காலில் கொதிக்கக் கொதிக்க வழிந்தது, அப்புறம் கடல் அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

காளீஸ்வரி ஹோஸைத் தூக்கிப் பார்த்தாள், உள்ளே ஏதோ போய் அடைத்திருந்தது, நகத்தால் இழுத்ததில் இரண்டு நூல் மட்டும் வந்தது, பச்சை நூல், பச்சத் துணியால்ல இருக்கு, என்றாள், எல்லோருடைய கண்ணும் சீனியம்மாள் அக்கா பக்கம் போனது, அந்த வாரம் அவள் சுற்றியிருந்ததும் பச்சை, பூவில்லாத வெறும் பச்சை, சுக்கான் பிடிக்கிறவள் பக்கம் யாரும் பார்க்கவில்லை, அவள் குழாய்மேல் தடவிப் பார்த்தாள், அவள் துணி அங்கே இல்லை, காற்றில் கடலுக்குப் போயிருக்கலாம், கீழே விழுந்திருக்கலாம், அவள் தன் வெறும் விரல்களைப் பார்த்துக்கொண்டு, என்னோடதாத்தான் இருக்கும் போல, என்றாள். என் துணியும் அங்கே இல்லை என்பதை நான் பார்த்தேனா, பார்த்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை, பார்க்காமல் இருக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, அடியில் சல்லடை கிடந்த பலகைமேல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது, நீரோட்டம் எங்களைத் தீவிலிருந்து ஆழம் பக்கமாக இழுத்தது, ஒரு துடுப்புத்தான் இருந்தது, கரை சின்னதாகிக்கொண்டே போனது, அப்போது முதலில் எழுந்தது சீனியம்மாள் அக்காதான், நீந்துவதற்காக நாங்கள் காலில் மாட்டுகிற தட்டைக் கழற்றிக் கையில் எடுத்தாள், செருப்பு வார் அடித்த அலுமினியத் தட்டு, வீட்டில் சோறு தின்று ஒடுங்கிப்போன தட்டுத்தான் அப்படிக் காலுக்கு வரும், என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக, தள்ளுங்கடி, இன்னைக்குத் தட்டுல சோறில்ல கடலுதான், என்றாள், ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள், ஆளுக்கு இரண்டு தட்டு, இருபத்திநான்கு தட்டுகள், இரண்டு பக்கமும் குனிந்து தண்ணீரைக் கையால் பின்னுக்குத் தள்ளுகிறோம், தட்டின் விளிம்பு விரலை அறுக்கிறது, விரலில் துணியில்லை, துணியெல்லாம் அவிழ்த்து வைத்திருந்தோமே, ஏலேலோ போட யாருக்கும் மூச்சில்லை, அக்கா மட்டும் இழு, தள்ளு, இழு, தள்ளு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பொழுது சாய்வதற்குள் தீவின் மணலில் வள்ளம் தட்டியது, மறுநாள் வேறொரு வள்ளம் வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது, அதற்கடுத்த நாளிலிருந்து சீனியம்மாள் அக்கா கடலுக்கு வரவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை, மற்றவர்கள் வேறு வேறு வள்ளங்களில் தொற்றிக்கொண்டு போனார்கள், அவளை யாரும் ஏற்றவில்லை, அவள் கரையில் அடுத்தவர்கள் கொண்டுவருகிற பாசியைக் காயப்போட்டுக் கல் பொறுக்கினாள்.

எஞ்சினை எடைக்குப் போட்டுரு, என்றார் இன்னாசி, அவர் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர், போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார், அந்த வள்ளம் என் அப்பா எனக்குக் கொடுத்தது, அதில் இன்னாசி கை வைப்பதில்லை, நானும் விட்டதில்லை. ஜகுபர் அண்ணன் வந்து குந்தவைத்து உட்கார்ந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், கோழிமுட்டை நுழைகிற ஓட்டை, பிளாக்கு போச்சு, பிஸ்டன் போச்சு, ராடு போச்சு, மிச்சம் என்ன தங்கச்சி இருக்கு, என்றார், மிச்சம் இருக்குல்லண்ணே, அது போதும், என்றேன், அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கிறுக்கச்சி, என்று சிரித்தார், அந்தச் சிரிப்போடு வேலை தொடங்கிவிட்டது. மண்டபத்துப் பழைய இரும்புக் கடைகளில் குப்பை குப்பையாகப் புரட்டி அதே நம்பர் பிளாக் ஒன்றைக் கண்டுபிடித்தேன், புயலில் உடைந்த ஏதோ ஒரு வள்ளத்தினுடையது, உள்ளே நண்டு குடியிருந்தது, ராமநாதபுரத்து லேத்துக்குக் கிராங்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், கண்டக்டர், என்னத்தா புள்ளைக்கு டிக்கெட் வேணாமா, என்றான், துணி சுற்றின இரும்பை அணைத்துக்கொண்டு நானும் சிரித்தேன், அது பிள்ளை மாதிரிதான் கனத்தது.

ஒன்பதாம் நாள் ஜகுபர் அண்ணன் தண்ணீர் பம்பைப் பிரித்தார், நான் டீசல் வட்டகையில் போல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன், திருப்புளியால் குத்தி உள்ளேயிருந்து விளக்குத் திரி மாதிரிக் கறுப்பாக ஒன்றை இழுத்தார், பார்க்காமலேயே என் வட்டகைக்குள் போட்டார், டீசலில் அது கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது, முதலில் கறுப்பு போனது, பச்சை வந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சையோடு நில் என்று கேட்டுக்கொண்டேன், அது நிற்கவில்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று மஞ்சள் பூக்கள் மேலே வந்தன. கல்யாணத்துக்கு மறுவாரம் இன்னாசி எடுத்துத் தந்த சேலை, முதன்முதலாகத் தனியாக வள்ளம் ஓட்டிக்கொண்டு போன அன்றைக்கு அதைத்தான் கட்டியிருந்தேன், முந்தானை கிழிந்த பிறகு உள்பாவாடைக்கு ஓரம் வைத்தேன், அதுவும் போன பிறகு விரலுக்கு வந்தது, அந்தச் சேலையில் என் உடம்பில் படாத நூல் ஒன்றுகூட இல்லை. ஜகுபர் அண்ணன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஒரு பொடி நட்டைக் காணோம், வெளிய தேடிட்டு வாரேன், என்று எழுந்து போனார், எந்த நட்டும் காணாமல் போயிருக்கவில்லை, வெயிலில் அவர் நெடுநேரம் நின்றார், திரும்பி வந்து, இந்தா, வால்வை அரை, என்று பசையைத் தந்தார், நான் அரைத்தேன், வால்வை அதன் குழியில் வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம், பொழுது போகும்வரை, ரெண்டு இரும்பும் ஒண்ணுக்கொண்ணு பொய் சொல்லாம உக்காரணும், மயிரிழை இடுக்கு இருந்தாலும் எஞ்சினுக்குள்ள மூச்சு தங்காது, என்றார் அவர், எஞ்சினைத்தான் சொன்னார், எனக்கு வேறு எங்கேயோ அரைபட்டது.

இன்னாசி கடலிலிருந்து வந்ததும் சொன்னேன், அவர் துணியை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டினார், தெரியாத மாதிரி இரு, என்றார், கெட்ட மனிதர் இல்லை, எனக்காகச் சொன்னார், சுக்கானப் புடிக்கிறவ மேல தப்புன்னா எவ ஏறுவா உன் வள்ளத்துல, அந்தக்கா என்னமோ ஒத்துக்கிருச்சு, அது பாட்டுக்குக் கரையில பொழைக்குது, என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பிசகில்லை, அதனால்தான் நான் பயந்தேன். துணியை எஞ்சின் ஹேண்டிலோடு சேர்த்துச் சாக்கில் சுருட்டி வைத்தேன், முப்பத்தொரு நாள் அது அங்கே இருந்தது, முப்பத்தொரு நாளும் லைனரை இறக்கினேன், ரிங்குகளை மாட்டினேன், போல்ட்டுகளைக் குறுக்குக்குக் குறுக்கு முறுக்கினேன், ஹோஸ் வாயில் சல்லடையைக் கம்பி போட்டுக் கட்டினேன், நானே கழற்ற நினைத்தாலும் முடியாதபடி கட்டினேன், கனவில் புகைக்குழாயிலிருந்து பச்சைச் சேலை முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் சீனியம்மாள் அக்கா எஞ்சின் கிடந்த கொட்டகை வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை, எந்திரிச்சிருமாத்தா, என்று எஞ்சினைப் பார்த்துக் கேட்டாள், எந்திரிச்சிரும்க்கா, என்றேன், நல்லாருக்கட்டும், நான் எல்லாத் துணியையும் அடுப்புல போட்டுட்டேன், இனி இந்தக் கைக்குத் துணி வேணாம், என்று விரித்துக் காட்டினாள், ஐந்து விரலிலும் பழைய வெட்டுகள் ஆறிப்போய் வெள்ளை வெள்ளையாக இருந்தன, அந்தக் கைதான் தட்டை முதலில் எடுத்தது, நான் சொல்ல வாயைத் திறந்தேன், டீத்தண்ணி குடிக்கிறியாக்கா என்று வந்தது.

டீ வேணாம் என்று அன்றைக்குப் போனவள் இதோ இப்போது பாசிக்குப் பக்கத்தில் நிற்கிறாள், வெயில் அவள் கண்ணில் அடிக்கிறது, நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். ஹேண்டிலை எடுக்கச் சாக்கைப் பிரித்தேன், துணியும் கூடவே கைக்கு வந்துவிட்டது. ஜகுபர் அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று, லிவரைத் தூக்கிவிட்டுச் சுத்து, கட்டைவிரலை மடக்காத, திருப்பி அடிச்சா ஒடச்சுரும், என்கிறார், சொல்லிவிட்டு என் கையிலிருப்பதைப் பார்க்கிறார், உடனே கடலைப் பார்க்கிறார். ஏ புள்ள, குடுத்துரு, தண்ணிக்குள்ள விட்டுர்றேன், அம்புட்டுத்தான், முடிஞ்சுரும், என்று இன்னாசி நீட்டின கையை எடுக்காமல் நிற்கிறார், அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும், காய்ச்சலில் என் நெற்றியில் இருந்த கை, கொடுத்தால் முடிந்துவிடும், ஹேண்டிலைச் சுற்றலாம், எஞ்சின் எழுந்துவிடும், பத்துப் பேரும் ஏறுவார்கள், நாளைக்கும் ஏறுவார்கள், நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டே போகலாம், தண்ணீர் விழுகிற சத்தம் நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகலாம்.

துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலில் முதல் சுற்றைச் சுற்றுகிறேன். என்ன செய்யிற, என்று இன்னாசி தணிந்த குரலில் கேட்கிறார், நடுவிரலுக்கு வருகிறேன், டீசல் ஊறின துணி வழுக்குகிறது, இழுத்துச் சுற்றுகிறேன், கரையில் காளீஸ்வரியின் பேச்சு பாதியில் நிற்கிறது, அவள் பக்கத்தில் நிற்கிறவள் அவள் தோளைத் தொடுகிறாள், பத்துப் பேரும் என் கையைப் பார்க்கிறார்கள், அடுத்தவள் துணியை எவளும் சுற்றமாட்டாள் என்று தெரிந்த பத்துப் பேர், வெயிலில் மஞ்சள் பூக்கள் நன்றாகத் தெரிகின்றன. சீனியம்மாள் அக்கா பாசியை மிதித்துக்கொண்டு இறங்கி வருகிறாள், அவள் காயப்போட்ட பாசியையே மிதித்துக்கொண்டு வருகிறாள், தண்ணீர் அவள் சேலையை நனைக்கிற இடத்தில் நின்று, ஏத்தா, அது ஒன்னோடதா, என்கிறாள், என்னோடதுதான்க்கா, சல்லடையக் கழட்டுனதும் நான்தான், என்கிறேன், என் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது, ஆனாலும் கரை வரை கேட்டுவிட்டது. அவள் தன் வெறும் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், யாரும் ஏறவில்லை, யாரும் திரும்பிப் போகவும் இல்லை. இப்பவாச்சும் கழட்டு, சும்மா சொன்னேன்னு சொல்லிருவோம், என்று இன்னாசி வள்ளத்தின் விளிம்பில் முகத்தை வைத்து முணுமுணுக்கிறார், நீட்டின கை இன்னும் அங்கேயே இருக்கிறது, ஈரமாக, கெஞ்சிக்கொண்டு, நான் அதைத் தொட்டு மெல்ல விளிம்போடு இறக்கிவைக்கிறேன், வேணாங்க, என்கிறேன், சுண்டுவிரலில் கடைசிச் சுற்றைச் சுற்றி முடிச்சுப் போடுகிறேன், இது என் துணி.