பஞ்சர் வசனம்

சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் நிறையப் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர் நலக்குழு தொடங்கினார்கள். பெரியவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள், பிள்ளைகளே சொல்லட்டும் என்பது ஏற்பாடு. பத்தாம் வகுப்புப் பூவிழி குழுவுக்குத் தலைவி. கை கழுவுவது, கொசு, குடற்புழு என்று ஒவ்வொன்றுக்கும் அவளே நாடகம் எழுதுவாள். அசோகன் நடிப்பான். அவன் வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கும்.

ஜூலை மாத நாடகத்துக்குக் காசநோய் என்று முடிவானது. புத்தகத்தில் இருந்ததை வைத்து எழுதிப் பார்த்தாள், சப்பென்று இருந்தது. அப்போதுதான் பொன்னி சொன்னது நினைவுக்கு வந்தது.

பொன்னி அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். அவள் அப்பா கன்னியப்பனுக்குக் காசநோய். ஒருநாள் விட்டு ஒருநாள் சுகாதார நிலையத்துக்குப் போய், நர்ஸ் ஞானாம்பாள் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். உப்பளத்தில் தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, சைக்கிள் பஞ்சர் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போவார். "இத்தினி தடவ பஞ்சர் ஆவுற சைக்கிள் ஊர்லயே எங்களுதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன பொன்னி, கடைசியில், "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள்.

பூவிழி யாரிடமும் சொல்லவில்லை. எழுதினாள். பேரை மாற்றினாள். உப்பளத்தைச் செங்கல் சூளை ஆக்கினாள். அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொன்னி அந்த வாரம் அம்மை போட்டு வீட்டில் கிடந்தாள். அவளிடம் கேட்க வேண்டியதில்லை என்பது பூவிழிக்கு வசதியாகவும் இருந்தது.

நாடகத்தை உப்பளத் தெருவிலேயே போட்டார்கள். அசோகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, தலையைச் சொறிந்து, "மேஸ்திரி, வண்டி பஞ்சரு" என்றான். சிரிப்பு. மறுபடி வந்து அதையே சொன்னான். இன்னும் சிரிப்பு. மறுபடியும் வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "டேய், இது நம்ம கன்னியப்பன்டா."

சிரிப்பு சட்டென்று நின்றது. தலைகள் திரும்பின. கூட்டத்தின் ஓரத்தில் கன்னியப்பன் நின்றிருந்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம். சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. பூவிழி அதைப் பார்த்தாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாடகம் முடிந்ததும் தலைமையாசிரியர் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அவளால் தலைமையாசிரியர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் உப்பளத்தில் கன்னியப்பனுக்குத் தனித் தண்ணீர்க் குடம் வைத்தார்கள். அவர் உப்பு வாரும் பாத்திக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வரவில்லை. மாத்திரைக்குப் போவதை அவர் விட்டுவிட்டார். பள்ளிக்கூடம் வந்த பொன்னி வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திட்டவில்லை, சண்டை போடவில்லை. பேசவே இல்லை.

மதியம் உப்பளத்தில் ஆட்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துப் பூவிழி போனாள். எல்லாரும் பார்க்க, கன்னியப்பனின் குடத்திலிருந்து மொண்டு குடித்தாள். "தண்ணியில இது ஒட்டாதுங்க. மாத்திர சாப்புட்டா சரியாப் போயிடும்" என்று குழுவில் பேசுகிற குரலில் சொன்னாள். வாயில் சோற்றோடு ஒருவன் சிரித்தான்.

கன்னியப்பன் எழுந்து அவள் கையிலிருந்து சொம்பை வாங்கி வைத்தார். "போதும் பாப்பா. ஒரு நாடகம் போதும்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருமல்தான் வந்தது. அவள் வெயிலில் வரப்பு மேலேயே நடந்து வந்தாள். நல்லது செய்யப் போனதாக நினைத்தோமே, எல்லாரும் பார்க்கிற நேரமாகப் பார்த்து ஏன் போனோம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் தனியாக நர்ஸிடம் போய் நடந்ததைச் சொன்னாள். ஞானாம்பாள் கன்னியப்பனின் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"உன்ன திட்டுறதால அவருக்கு மாத்திர உள்ள போவப் போறதில்ல. பாதியில வுட்டா அடுத்த வாட்டி இந்த மாத்திர கேக்காமக்கூடப் போவலாம். நான் அனுமந்தை ஆஸ்பத்திரிக்கு மாத்தி எழுதித் தர்றேன். அங்க யாருக்கும் அவரத் தெரியாது."

"நான் போய்ச் சொல்லட்டுங்களா?"

"நீ வேணாம். நானே போறேன்."

ஞானாம்பாள் போனார். கன்னியப்பன் முதலில் மறுத்தார், பிறகு அனுமந்தைக்குப் பஸ் ஏறினார். இதையெல்லாம் பூவிழி நர்ஸிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள். பொன்னி சொல்லவில்லை.

விழுப்புரத்தில் மாவட்டப் போட்டிக்கு நாடகத்தைக் கூப்பிட்டார்கள். பூவிழி பொன்னியை மாமரத்தடியில் நிறுத்தி, "நான் குழுவுலேர்ந்து விலகிக்கிறேன். அந்த நாடகத்த இனிமே போட மாட்டாங்க" என்றாள். பொன்னி முகத்தில் ஏதாவது இளகுமா என்று பார்த்தாள்.

"ஏன் நிறுத்துற?" என்றாள் பொன்னி. "அதப் பாத்துட்டுத்தான் எங்க தெருவுல காசிலிங்கம் மாமா சளி டெஸ்ட்டுக்குப் போனாரு. அவருக்கும் இருந்துச்சு. இப்ப மாத்திர சாப்புடுறாரு. போடுங்க. எங்கப்பாவ எடுத்துட்டுப் போடுங்க."

விலகிப்போகிற சுகத்தைக்கூட அவள் தரவில்லை. பூவிழி உட்கார்ந்து நாடகத்தைத் திருத்தினாள். பஞ்சர் வசனம் முழுவதையும் அடித்தாள். அசோகனுக்கு வருத்தம்தான். "நல்லா சிரிச்சாங்களேடி" என்றான். விழுப்புரத்தில் பரிசு வரவில்லை.

தை மாதத்துக்குள் கன்னியப்பனுக்குச் சரியாகிவிட்டது. சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த உப்பளத்துக்கு அவர் திரும்பவில்லை. கோட்டக்குப்பத்தில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

பரீட்சை நெருங்கியபோது ஒருநாள் பொன்னி பையைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தாள். "கணக்குல இது எனக்குப் புரியல" என்றாள். பூவிழி சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் பாடத்தைப் பற்றிப் பேசினார்கள், டீச்சரைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் நடந்த எதையும் பொன்னி அவளிடம் சொன்னதே இல்லை. பூவிழியும் கேட்கவில்லை.