எல்லா மேஜையிலும் அடித்த போன்

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சுந்தரராமன் நிர்வாக அதிகாரி. தொண்ணூற்றொன்றில் பழைய டெலிபோன் போர்டு அடிக்கடி மக்கர் பண்ணத் தொடங்கியதும், புது மெஷின் வாங்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

மெஷின் விற்க வந்த தாவீது விவரமான ஆள். "ஒரே மெஷின்தான் சார், ரெண்டு விதமா ஓட்டலாம். வெளி கால் எல்லாம் ஆபரேட்டர்கிட்ட வந்து, அவங்க உள்ளே கனெக்‌ஷன் குடுத்தா போர்டு வகை. அதுக்கு டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல தனி பர்மிஷன் வாங்கணும், நாளாகும். ஆபரேட்டரே இல்லாம எல்லா மேஜையிலயும் மணி அடிச்சு, யார் வேணா எடுத்தா பட்டன் வகை. அப்ளிகேஷன்ல அப்படிப் போட்டுட்டா சீக்கிரம் முடிஞ்சுடும்."

மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சுந்தரராமன் அன்றே 'வகை' என்ற கட்டத்தில் 'பட்டன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேட்டர் வேதா பதினோரு வருஷமாக அந்தப் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவள். இருநூறு தொழிலாளிகளில் யார் எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்பது அவளுக்கு அத்துப்படி. யாருக்காவது வீட்டிலிருந்து போன் வந்தால் ப்யூனை விரட்டி ஆளைக் கூட்டிவரச் செய்வாள்.

"வேலை போகாதும்மா. ஸ்டோர்ஸ்ல உக்காரலாம்" என்றார் சுந்தரராமன்.

"அது சரி சார். எல்லார் மேஜையிலயும் அடிச்சா யார் எடுப்பாங்க?"

"யாராவது எடுப்பாங்க."

ஸ்டோர்ஸில் இரண்டு மாதம் ஆணியும் நட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு வேதா ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டரை மணி. யூனியனுக்கு அனுப்ப வேண்டிய பதில் கடிதத்தில் மூழ்கியிருந்தார் சுந்தரராமன். முழங்கைக்குப் பக்கத்திலேயே போன் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் அடிப்பது கேட்டது. பர்ச்சேஸில் எடுப்பார்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். நின்றது. மறுபடி அடித்தது. எழுதிய வாக்கியத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அதுவும் நின்றுபோயிருந்தது.

மறுநாள் கிரைண்டிங் செக்‌ஷன் ஜெயவேலு வேலைக்கு வரவில்லை. பதினாறு நாள் கழித்து, மொட்டைத் தலையோடு லீவு லெட்டரை நீட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றான்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலி சார். பெருங்களத்தூர்ல மருந்துக் கடையிலேர்ந்து என் சம்சாரம் ரெண்டு வாட்டி போன் போட்டுக்கீது. யாருமே எடுக்கல. ஷிப்ட் முட்ச்சிட்டு நான் வூட்டுக்குப் போனா, எல்லாம் முட்ஞ்சு போச்சு. கடசி வரிக்கும் என்னியத்தான் கேட்டுகினு இருந்தாராம்."

"எத்தனை மணிக்குப் போன் பண்ணாங்க?"

"ரெண்டரை இருக்கும் சார்."

சுந்தரராமன் தலை குனிந்து லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே மேனேஜரோடு மல்லுக்கட்டி, போர்டு வகைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் போட்டார். நாலு மாதத்தில் அனுமதி வந்துவிட்டது. முதலிலேயே இதற்குக் காத்திருந்தால், பழைய போர்டு தட்டுத்தடுமாறியாவது அந்த நாலு மாதம் ஓடியிருக்கும். தாவீது வந்து இருபது நிமிஷத்தில் அதே மெஷினைப் போர்டு வகைக்கு மாற்றிவிட்டு, "அவ்வளவுதான் சார்" என்று பையை மூடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் வேதாவின் வீட்டைத் தேடிப் போனார். அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் சேர்ந்துவிட்டிருந்தாள். திரும்பி வர மனமில்லை என்று மரியாதையாகவே சொன்னாள். எழுந்திருக்கும் முன் சுந்தரராமன் நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டார்.

வேதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டரைக்கா சார்? அது கிரைண்டிங் ஆளுங்களுக்கு டீ டைம். ஜெயவேலு நம்ம ஆபீஸ் வாசல்லதான் நின்னு டீ குடிப்பார். உங்க ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாலே கேட்டிருக்கும்."

அவருக்கு அது தெரியாது. பத்து வருஷம் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் தெரியாது.

திங்கட்கிழமை ஜெயவேலுவைத் தனியே அழைத்தார். "அன்னிக்கு அந்தப் போன் என் மேஜையிலயும் அடிச்சுதுப்பா. ரெண்டு தடவையும். நான் எடுக்கல."



"எல்லா ரூம்லயும்தானே சார் அட்ச்சுது" என்றான் ஜெயவேலு. பிறகு, "இத்த ஏன் சார் இப்போ வந்து சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தன் கிரைண்டிங் மெஷினைப் பார்க்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு சுந்தரராமன் ரிடையர் ஆகும்வரை ஏழு வருஷம் இருவரும் அதே கம்பெனியில்தான் இருந்தார்கள். ஜெயவேலு எதிரே வந்தால் வணக்கம் வைப்பான். நின்று பேசியதில்லை.