இராயப்பரின் இஞ்சின்

ஜெனிற்றா தன் பட்டப்படிப்பு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஓவியர் அன்புராஜாவை. முப்பது வருடம் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போட்ட மனிதர். இடம்பெயர்வுகளில் தொலைந்தவை போக, அவள் தேடிப் பிடித்தவை பதினொரு புத்தகங்கள்தான். அவற்றிலொன்று குருநகரில் அவளுடைய வீட்டு அலுமாரியிலேயே கிடந்தது. அண்ணன் ஜெரிசனுக்கு தேவாலயத்து மறைக்கல்வி வகுப்பில் கிடைத்த பரிசு.

அதில் இயேசுவின் சீடரான மீனவர் இராயப்பர் வலை வீசும் படம். அலையும் பாய்மரமும் அன்புராஜாவின் கைவண்ணம். வள்ளத்தின் பின்னால் மட்டும் நீலப் பேனையால் ஒரு இஞ்சின், புகையோடு.

எட்டு வயது ஜெரிசன் அதை வரைந்து பூட்டியபோது ஐந்து வயது ஜெனிற்றாதான் ஓடிப்போய்க் கோள் மூட்டினாள். இஞ்சின் இல்லாத வள்ளத்தில் தண்டு வலித்துக் களைத்து வந்திருந்த அப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எத்தினை குதிரை வலு?"

"இருவத்தஞ்சு, அப்பா."

"காணும், உது போதும்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விரிவுரையாளர் நிமலினிக்குப் படம் பிடித்திருந்தது. "உந்தக் கிறுக்கலைக் கொம்பியூட்டரிலை அழிச்சுப்போட்டு ஆய்வேட்டிலை சேர்த்துவிடும்" என்றார்.

"ஓம் மிஸ்" என்றவள், கிறுக்கலாம் கிறுக்கல் என்று பஸ்ஸில் வழிநெடுக முணுமுணுத்தாள்.

பத்தொன்பது வயதில் கடலுக்குப் போன ஜெரிசன் திரும்பி வரவில்லை. அவன் கீறியதென்று வீட்டில் வேறொன்றும் இல்லை.

ஆய்வேட்டில் அந்தப் படத்தின் கீழே அவள் எழுதினாள்: "இராயப்பர், வள்ளம், அலை: அன்புராஜா. இஞ்சின், இருபத்தைந்து குதிரை: ஜெரிசன்."