நூஹுவின் சீனி எங்கே போனது

1

இந்தக் கதை எனக்கு ஒரு சஹனில் கிடைத்தது. சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீடு. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில், எனக்கு எதிரே நூஹு என்றொருவர். சட்டை ஆளைவிட இரண்டு மடங்கு பெரிது. மூன்று பிடி சோற்றோடு கையை எடுத்துக்கொண்டார்.

"என்ட வயிறு இவ்வளவுதான் மகன். கோழி முட்டையளவு."

மீதியை அவர் வீட்டில் கேட்டேன். பாதிக் கதையைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஹாஜறாதான் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை, குரல் மட்டும்தான். ஆனாலும் கதை அந்தக் குரலின் பக்கம் சாய்ந்துவிட்டது. குரல் சொல்லாததை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1997ஆம் ஆண்டு, ரியாத் நகரின் மருத்துவமனை ஒன்றில், இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை..."

அடித்துவிட்டேன். அது செய்தி. கதை, ரியாத்திலிருந்து ஊர் திரும்பியவரை ஏற்றிவந்த வேனின் கதவு திறந்தபோது தொடங்குகிறது.

ஹாஜறா வேனுக்குள் புருஷனைத் தேடினாள். போகும்போது பின் சீற்றை முழுதாக அடைத்துக்கொண்டு போன மனிதர். இப்போது இறங்கியவருக்குக் கழுத்து இருந்தது. அக்கம்பக்கத்தார் முகத்தில் சிரிப்பில்லை. அவளுக்கு மாமனாரின் ஞாபகம் வந்தது. சீனி வருத்தத்தில், நூஹுவுக்கும் இருந்த அதே நீரிழிவில், முதலில் காலும் பிறகு கண்ணும் போய் மௌத்தானவர். கடைசியில் அவரும் இப்படித்தான் மெலிந்தார்.

3

"ஊசி மருந்து வாங்கி வச்சிரிக்கன். பக்கத்து வீட்டு முனவ்வறாட பிரிஜ்ஜில இரிக்கி," என்றாள்.

"தேவல்ல புள்ள. சீனி இப்ப இல்ல."

"இல்லண்டா?"

நூஹு சட்டையைத் தூக்கினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தழும்பு. அவர் சமையல்காரராக இருந்த மருத்துவமனையில், பருத்த உடம்புக்காரர்களின் இரைப்பையைச் சிறிதாக்கி, குடலை மேலே இழுத்து அதில் பொருத்தும் வைத்தியர் ஒருவர் இருந்தார். முழங்கால் தாங்காமல் நூஹுவும் அவரிடம் போய்ப் படுத்தார்.

"உடம்பு குறையத்தான் வெட்டினாங்க. ஆனா உடம்பு குறைய முந்தியே சீனி போயிட்டு. தையல் இன்னும் காயல்ல. நேர்ஸ் ஊசியோட வாறா, ரிப்போட்டப் பாத்திட்டுத் திரும்பிப் போறா. டொக்டர் மறுவாயும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அவருக்கே நம்பேலாமப் போயிட்டு."

[இங்கே ஒரு மருத்துவ விளக்கம் எழுதி வைத்திருந்தேன்: 'குடலின் முதற்பகுதியைத் தொடாமல் சாப்பாடு கீழே போகும்போது, உடம்பில் ஏதோ...' அந்த ஏதோவில் பேனா நின்றுவிட்டது. அன்றைக்கு வெட்டியவர்களுக்கும் அது முழுதாகத் தெரியாது.]

4

ஹாஜறா நம்பினாள் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.

அவர் லீவில் வரும்போதெல்லாம் சோதித்துப் பார்ப்பவள் அவள்தான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் சில துளி சிறுநீர். சூடாக்கினால், சீனி இல்லையென்றால் நீலம் மாறாது, கொஞ்சமென்றால் பச்சை, கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் செங்கல் நிறம். நூஹுவுக்கு என்றைக்கும் செங்கல்தான்.

அன்று தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தாள். சோதிக்கவா, ஆசையிலா? (திரைக்குப் பின்னால் இந்தக் கேள்விக்குச் சிரிப்பு மட்டும்தான் வந்தது.) அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடக்கப் பாயில் சாய்ந்தார்.

"பயப்படாத. இனிப்பு இந்த வயித்துல நிக்காது, வழுக்கி ஓடிரும். படுத்தாச் சரிவரும்."

அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. என் கையாலேயே குடுத்துக் கொன்றுவிட்டேனே என்று நின்றாள். அவர் எழுந்து நடமாடிய பிறகு, குழாயை எடுத்து, நீல மருந்தில் அவருடைய சிறுநீரை விட்டு, அடுப்பு மூட்டினாள்.

மருந்து கொதித்தது. நீலம்.

ஊற்றிவிட்டு மறுபடியும் செய்தாள். நீலம்.

மருந்து பழுதாகியிருக்கும். புதிதாகக் கொஞ்சம் ஊற்றி, ஒரு துளி தேன் விட்டுச் சூடாக்கினாள். கண்ணெதிரே பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல்லாகியது.

மருந்தில் பழுதில்லை. ஹாஜறா குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சுப்ஹானல்லாஹ்" என்றாள், தனக்கு மட்டும் கேட்கும்படி. இத்தனை வருடம் பத்தியமும் கசாயமும் ஊசியும் துரத்திய ஒன்று, கத்திக்குப் பயந்து ஓடியதா? சோறு போகிற பாதையை மாற்றியதும் வழி தெரியாமல் நின்றுவிட்டதா? தான் இத்தனை காலம் சமைத்துப் போட்ட உடம்புக்குள் இப்படி ஒரு கதவு இருந்ததா?

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் சில வருடங்களில் சீனி திரும்பி வருகிறது, அப்படியும் நடப்பதுண்டு. மற்றதில் நூஹு நரைத்து, இரண்டு காலோடும் பள்ளிவாசலுக்கு நடந்து...

இரண்டையும் விட்டுவிட்டேன். ஹாஜறா கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

"இது எவ்வளவு காலத்துக்கு?"

"அத டொக்டர்தான் என்னட்டக் கேட்டார். நீ இருந்து பாத்து எனக்குச் சொல்லு நூஹு எண்டார்."

அவள் குழாயைக் கழுவினாள். எறிந்துவிடவில்லை, துடைத்து, அலுமாரியில் வைத்தாள். பிறகு எப்போது எடுத்தாள், என்ன நிறம் வந்தது என்று நான் கேட்கவில்லை. அடுப்பு மூட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயை இந்த முறை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.