முன்சக்கரத்துக் காற்று

எங்கள் வீட்டில் பயமாக இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் பலித்துவிடுமாம். அதனால் டயரைப் பற்றிப் பேசுவோம்.

பந்தயத்துக்கு முந்தின நாளும் கடையில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சைக்கிள் கடை எனக்கும் என் கணவருக்கும் சொந்தம். பந்தயம் ஓட்டுகிறவன் என் தம்பி. ஆள் ஒல்லி என்பதால் அவனுக்கு வீட்டில் ஈர்க்குச்சி என்று பெயர். போன வருடம் இதே பாதையில், மலையிறக்கத்தின் கடைசி வளைவில், ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கித் தோள் எலும்பை முறித்துக்கொண்டான். இந்த முறை முதல் பத்துப் பேருக்குள் வந்தால் பெரிய அணியில் இடம். வயது ஏறிவிட்டது, இனி ஒரு வாய்ப்பு வராது. நாளைக்கும் மழை என்றார்கள்.

"இருபத்தஞ்சு மில்லிமீட்டர் போதும்கா. அகலமான டயர் போட்டா கனம்," என்றான்.

"கனமா இருந்தா மெதுவா வா. உன்னை யாரு தொரத்துறா?"

"பின்னாடி வர்ற அத்தனை பேரும்."

அம்மா ஒரு டயரைத் தடவிப் பார்த்தாள். "இதென்ன, மொட்டைத் தலையாட்டம் இருக்கு? லாரிக்குப் போடுற மாதிரி வெட்டு வெட்டா இருக்கறதப் போடுங்களேன்."

"லாரிக்குத்தான் அத்தை அந்த வெட்டெல்லாம்," என்றார் என் கணவர். "இவ்வளவு ஒல்லி டயருக்கு ரப்பர் மெத்துனு இருக்கணும், கொஞ்சம் அகலம் வேணும், காத்து அளவா இருக்கணும். பிடிப்பு அதுலதான்."

கடைசியில் நான் சொன்னதே நின்றது. இருபத்தெட்டு மில்லிமீட்டர், மெத்தென்ற ரப்பர், பக்கச் சுவர் பழுப்பு நிறம். ஆனால் காற்று விஷயத்தில் அவன் இறங்கி வரவில்லை. மழையில் சற்றுக் குறைத்தால்தான் பிடிக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"கல்லு மாதிரி இருக்கணும். நீங்கல்லாம் சும்மா பயப்படுறீங்க. எனக்கு ஒரு பயமும் இல்ல," என்றான். பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

காலையில் அவன் கேட்டபடியே அளந்து அடித்தேன். ஹேண்டிலில் சிவப்புத் துணியைக் கட்டினேன். எங்கள் கடையில் அதுதான் சட்டம். துணி கட்டிய வண்டி பார்த்து முடித்த வண்டி. அதற்கப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது. சட்டம் போட்டவளே நான்தான்.

எல்லோரும் உள்ளே காபி குடிக்கப் போனார்கள். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. நான் அந்த முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு குனிந்து, வால்வை நகத்தால் அழுத்தி, ஒரு மூச்சுக் காற்றை இறக்கினேன். அவனுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன்.

அவனைப் புறப்படும் இடத்தில் விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் வேனில் அந்தக் கடைசி வளைவுக்குப் போனோம். வைப்பர் அங்குமிங்கும் ஆடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"திட்டாதே. காலையில முன்சக்கரத்துல கொஞ்சம் காத்து எறக்கிட்டேன்."

"நானும் எறக்கியிருக்கேன்," என்றேன்.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். ஒருவர் இறக்கினால் பிடிப்பு. இரண்டு பேர் இறக்கினால் வளைவில் டயர் குழைந்து ஆளைத் தள்ளிவிடும். பின் இருக்கையில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா?"

"நீங்க சொன்னீங்களே, கொறச்சா நல்லதுன்னு. அழுத்தினேன். போச்சா இல்லையான்னு தெரியல. இன்னொரு தரம் அழுத்தினேன்."

அவனுடைய போன் என் பையில் இருந்தது. பந்தயமும் தொடங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எந்த முகத்தோடு கேட்பது?

வளைவில் சுவரோரம் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். தார்ச்சாலை ஈரத்தில் மினுங்கியது. முதல் கூட்டம் ஒரே இரைச்சலாக வந்து, சாய்ந்து, போயிற்று. அவன் இல்லை. அடுத்த கூட்டத்திலும் இல்லை. ஒரு ஆம்புலன்ஸ் மேலே ஏறிப் போனது. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது எனக்கு வலிக்கக்கூட இல்லை. என் தம்பியை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு தனியாக ஒருவன் வந்தான். ஈர்க்குச்சிதான். இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து, ஒரு காலைப் பெடலிலிருந்து கழற்றித் தரையில் உரசாத குறையாக வந்தான். முன்சக்கரத்தைப் பார்த்தேன். பழுப்பு இல்லை, கறுப்பு. பந்தயத்தோடு வரும் சர்வீஸ் வண்டியில் கொடுத்துவைத்திருந்த எங்கள் ஸ்பேர் சக்கரம். ஸ்பேர்தானே, எங்கே தேவைப்படப் போகிறது என்று தேய்ந்த பழைய டயரை அதில் விட்டுவைத்திருந்தேன். அந்த வளைவை அவன் கடந்து முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

முடிவுக் கோட்டுக்கு அப்பால், வேனின் பின்கதவுக்குக் கீழே அவன் உட்கார்ந்திருந்தான். முழங்கை, முட்டி எல்லாம் முழுசாக இருந்தன. இடம் போய்விட்டது. முதல் பத்து எங்கே, கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுவான்.

"பஞ்சர்க்கா," என்றான். "பொறப்படுற கோட்டுல நிக்கும்போது அழுத்திப் பாத்தேன், தொளதொளன்னு இருந்துச்சு. சர்வீஸ் வண்டியில நம்ம ஸ்பேரை வாங்கி மாத்திட்டேன். அதுல என்ன டயர் இருக்குன்னு எறக்கத்துலதான் பாத்தேன். அப்புறம் பிரேக்க விடவே முடியல. எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க."

சர்வீஸ் வண்டிக்காரர் கழற்றிய சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அதை என்னிடம் நீட்டினான். "எங்க ஓட்டைன்னு பாரு. புது டயர்லயே குத்தியிருக்கு, என் நேரம்."

டியூபைக் கழற்றிக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினேன். மெல்லத் திருப்பிக்கொண்டு ஒரு முழுச் சுற்று வந்தேன். குமிழி இல்லை. மறுபடியும் சுற்றினேன். அவனும் குனிந்து பார்த்தான். அவனும் கடைக்காரி தம்பி, குமிழி வராவிட்டால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

"யாரு எறக்குனது?" என்றான்.

"நான்," என்றேன்.

"நானும்டா," என்றார் என் கணவர்.

"நான் ரெண்டு தரம்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழுதாள்.

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கல்லாம் வேன்ல கெளம்பிப் போனதும் நானும் எறக்கினேன்," என்றான். "அந்த வளைவு கண்ணுலயே நின்னுச்சுக்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான் கொஞ்சம்தானே எறக்கினேன், இவ்வளவு எப்படிப் போச்சுன்னுதான் பஞ்சர்னு நெனச்சேன்."

நான் டியூபை வெளியே எடுக்கவில்லை. எங்கேயாவது ஒரே ஒரு குமிழியாவது வராதா என்று அதைத் தண்ணீருக்குள் அமுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.